விசிறி, குடை, காகித விளக்கு: ஐரோப்பா அச்சடித்த ஜப்பான்

சனி, பாரிஸ்

போர்த் த வான்வ் சந்தைக்கு விடிந்ததும் போய்விடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். சரியான யோசனை. சனி, ஞாயிறு காலை மட்டும் நடைபாதையோரம் கூடும் பழம்பொருள் சந்தை அது. மதியம் ஆனால் மூட்டை கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். பீங்கான் தட்டு, வெள்ளிக் கரண்டி, பழைய கேமரா எல்லாவற்றையும் தாண்டிப் போனால், செருப்புப் பெட்டிகளில் காகிதம் அடுக்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 'க்ரோமோ' என்று கேட்டால் போதும், பெட்டியை நம் பக்கம் தள்ளுவார்கள்.

வண்ணக் கல்லச்சில் (கல்லில் வரைந்து தாளில் ஒற்றும் முறை) அடித்த சின்ன விளம்பர அட்டைக்குத்தான் அந்தப் பெயர். உள்ளங்கைக்குள் அடங்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாரிஸின் பெரிய ஜவுளிக்கடைகளும், சாக்லேட், சிக்கரி, சோப்பு விற்றவர்களும் இவற்றை இலவசமாகக் கொடுத்தார்கள். ஒ போன் மார்ஷே கடை இதில் முன்னோடி. அம்மாவோடு வரும் குழந்தையின் கையில் ஓர் அட்டை. தொகுதியை நிரப்ப அந்தக் குழந்தையே அம்மாவை மறுபடி கடைக்கு இழுத்து வரும். முன்பக்கம் படம், பின்பக்கம் கடையின் முகவரி.

இந்த அட்டைகளில் வரும் ஜப்பானைத் தேடித்தான் வந்திருக்கிறேன். 1853இல் அமெரிக்கத் தளபதி பெரியின் கப்பல்கள் எடோ (இன்றைய டோக்கியோ) விரிகுடாவுக்குள் நுழைந்தன. அடுத்த வருடமே ஒப்பந்தம். 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஜப்பான் முதன்முறையாகக் கடை விரித்தது. அதற்கப்புறம் விசிறி, பட்டு, மரக்கட்டை அச்சுப் படங்கள் எல்லாம் ஐரோப்பாவில் வந்து குவிந்தன. ஓவியர்கள் அதில் மயங்கிய கதையைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். சோப்புக் கட்டியோடு வீட்டுக்குள் வந்த ஜப்பானைப் பற்றித்தான் எனக்கு ஆவல். ஏனென்றால் அதைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை அருங்காட்சியகத்துக்குப் போனவர்களைவிடப் பல மடங்கு.

இன்று வாங்கியதில் ஓர் அட்டை என்னை விடவில்லை. சிக்கரி விளம்பரம். பொன் பூசிய பின்னணியில் ஒரு பெண் காகிதக் குடையோடு பாலத்தின் மேல் நிற்கிறாள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கன்னத்தின் ரோஜா நிறம் முழுக்கச் சிறு புள்ளிகள், ஒவ்வொன்றும் கல்லின் மீது கையால் வைத்தவை. ஒரு நிறத்துக்கு ஒரு கல் என்று மாற்றி மாற்றி அடித்ததில் நீலம் மட்டும் ஒரு நூல் விலகியிருக்கிறது. சிவகாசியில் 'ரிஜிஸ்டர் அவுட்' என்பார்களே, அதுதான். இருந்தும் எவ்வளவு பொறுமையான வேலை!

அந்தப் பொறுமை எதில் செலவானது என்று பார்த்தால்தான் மனது கனக்கிறது. கிமோனோ என்ற ஜப்பானிய உடையில் அணிபவரின் இடப்பக்கத் துணிதான் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவருக்கு உடுத்தும் முறை. இந்த அட்டையில் வலம் மேலே. கல்லில் நேராக வரைந்தால் தாளில் இடவலம் மாறும். பிரெஞ்சு எழுத்துகளைப் பிசகாமல் திருப்பி எழுதத் தெரிந்த கைக்கு, உடையின் மடிப்பு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. இடுப்புப் பட்டையின் முடிச்சு முன்னால் இருக்கிறது. அது எடோவின் யோஷிவாரா பகுதிக் கணிகையரின் அடையாளம். ஐரோப்பாவுக்கு வந்த அச்சுகளில் நிறையப் படங்கள் அந்தக் கணிகையருடையவையும் கபுகி நாடக நடிகர்களுடையவையும்தான். அதைப் பார்த்தே வரைந்ததால், பால் காபியோடு குடும்பப் பெண்ணாகக் காட்டப்பட்டவளும் அந்த முடிச்சோடு நிற்கிறாள். ஓரத்தில் செங்குத்தாக 'ஜப்பானிய எழுத்து' இருக்கிறது. அது எந்த எழுத்தும் இல்லை, வெறும் கோடுகள்.

அதே பெட்டியில் 1904-05 ரஷ்ய-ஜப்பான் போர்க்கால அஞ்சலட்டைகளும் இருந்தன. பிரான்ஸ் அப்போது ரஷ்யாவின் கூட்டாளி. பாலத்தில் நின்ற பெண் காணாமல் போய், பல்லை இளிக்கும் குள்ளச் சிப்பாய் வந்துவிட்டான். சிலவற்றில் அவனுக்குக் குரங்கு முகம். அவற்றை நான் வாங்கவில்லை.

நான் தங்கியிருப்பது லா ஷப்பெல் பக்கம், யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரின் வீட்டில். அட்டைகளை மேசையில் பரப்பியதும் கையிலெடுத்துப் பார்த்தார். "இந்தக் கடதாசித் துண்டுக்கோ தங்கச்சி இவ்வளவு காசு குடுத்தனீர்?" என்றார். பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "ஆனா வடிவாத்தான் இருக்கு" என்று என்னைவிட அதிக நேரம் பார்த்தது அவர்தான்.

ஞாயிறு, மோன்மார்த்ர்

பாரிஸ் சுவர்களில் இன்னும் பல இடங்களில் ஒரு வாசகம் இருக்கிறது: விளம்பரம் ஒட்டாதீர், 1881 ஜூலை 29ஆம் தேதிச் சட்டம். நம் ஊர்ச் சுவர்களிலும் உள்ள வாசகம்தான், ஆனால் இங்கே தேதியோடு. பத்திரிகைச் சுதந்திரத்துக்காக வந்த அந்தச் சட்டம், தடைசெய்த இடங்கள் போக மற்ற இடங்களில் சுவரொட்டி ஒட்டுவதை எளிதாக்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் பாரிஸ் சுவர்கள் வண்ணக் கல்லச்சால் நிறைந்தன.

ரூ தே மார்த்திர் சாலையில் 75ஆம் எண் கட்டடத்தில் இன்றும் இரவுக் கேளிக்கை அரங்கம் நடக்கிறது. 1893இல் அதற்கு 'திவான் ஜப்போனே' என்று பெயர். காகித விளக்கு, மூங்கில் நாற்காலி, கிமோனோ அணிந்த பரிமாறும் பெண்கள் என்று ஜப்பானைப் பூசிக்கொண்ட பாட்டரங்கம். அதன் விளம்பரத்தை ஓவியர் துலூஸ்-லோத்ரெக்கிடம் கேட்டார்கள்.

அவர் வரைந்தது இதோ. முன்னால் கறுப்பே உருவாக ஜேன் அவ்ரில் என்ற நடனப் பெண். உடையில் ஒரு மடிப்புகூட வரையவில்லை, முழுக் கறுப்பு. பின்னால் மீசை தாடியோடு எதுவார் துஜார்தன் என்ற விமர்சகர். கீழே இசைக்குழுவின் கைகளும் வாத்தியத்தின் கழுத்தும் மட்டும். மேடையில் பாடிக்கொண்டிருக்கும் இவெத் கில்பேருக்குத் தலையே இல்லை. தாளின் விளிம்பு அவரைக் கழுத்தோடு வெட்டிவிடுகிறது. ஆனாலும் நீளக் கறுப்புக் கையுறையைப் பார்த்ததும் பாரிஸே அவரை அடையாளம் கண்டுகொண்டது.

இப்படி உருவத்தை விளிம்பில் வெட்டுவது, நிழல் போடாமல் ஒரே நிறத்தை அகலமாக வைப்பது, மேலிருந்து சாய்வாகப் பார்ப்பது, எல்லாம் ஹொக்குசாய், ஹிரோஷிகே, உத்தமாரோ ஆகிய ஜப்பானிய ஓவியர்கள் மரக்கட்டை அச்சில் செய்து காட்டியவை. லோத்ரெக் தன் முதலெழுத்துகளை ஒரு வட்டத்துக்குள் வைத்துக் கையெழுத்திட்டதும் ஜப்பானிய முத்திரையைப் பார்த்துத்தான். ஆனால் பெயரிலேயே ஜப்பான் உள்ள அரங்கத்தின் சுவரொட்டியில் விசிறி ஆட்டும் ஜப்பானியப் பெண் ஒருத்திகூடக் கிடையாது.

மலை மேலே ரூ கோர்தோவில் உள்ள மோன்மார்த்ர் அருங்காட்சியகத்தில் லோத்ரெக்கின் சுவரொட்டிகள் முன்னால் வெகுநேரம் நின்றேன். நேற்றைய சிக்கரி அட்டையும் பையில் இருந்தது. இரண்டும் ஒரே கால அச்சு, ஒரே கல், ஒரே மை. ஜப்பானியரை வரைந்து வரைந்து விற்ற அட்டைக்காரர்கள் அவர்களிடமிருந்து படம் வரையும் முறை எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பாலத்துப் பெண் பழைய ஐரோப்பிய முறையில் நிழலும் ஒளியுமாகத்தான் நிற்கிறாள். கற்றுக்கொண்ட லோத்ரெக்கோ ஜப்பானியரை வரையவே இல்லை, பக்கத்துத் தெரு ஆட்களை வரைந்தார். ஒரு பண்பாட்டுக்குச் செய்யும் மரியாதை எதில் இருக்கிறது என்று என்னைக் கேட்டால் அந்தச் சுவரொட்டியைத்தான் காட்டுவேன்.

திங்கள், பாரிஸ்

ஒர்சே அருங்காட்சியகம் திங்களன்று திறப்பதில்லை. ரூ த ப்ரொவான்ஸ் தெருவில் நடந்தேன். ஜப்பானிய அச்சுகளின் பெரிய வியாபாரி சீக்ஃப்ரீட் பிங் கடை வைத்திருந்த தெரு. 1888 முதல் 1891 வரை ஜப்பானியக் கலைக்கென்றே மாத இதழ் நடத்தியவர், 1895இல் 'ஆர் நூவோ' என்று கடைக்குப் பெயர் வைத்து ஒரு பாணிக்கே பெயர் கொடுத்தவர். இன்று அங்கே அலுவலகங்களும் அவசரமாக நடக்கும் மனிதர்களும்தான். மாலையில் லா ஷப்பெலில் இடியப்பமும் சொதியும்.

செவ்வாய், பாரிஸ்

மாரே பகுதியில், சீன் ஆற்றுக்கு அருகே, கோட்டை மாதிரியான பழைய மாளிகையில் ஃபோர்னே நூலகம் இருக்கிறது. கைவினைஞர்கள் பார்த்துப் படிக்கவென்று 1886இல் தொடங்கியது. சுவரொட்டி, கடைகளின் விலைப்பட்டியல், சுவர்த்தாள் என்று மற்றவர்கள் தூக்கியெறிந்த காகிதத்தையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். விளம்பர அட்டைகளைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கே வர வேண்டும்.

இன்று மனதில் நின்றது லீபிக் அட்டைகள். லீபிக் என்பது மாட்டிறைச்சிச் சாறு விற்ற கம்பெனி. உருகுவேயின் ஃப்ரே பென்டோஸில் மாடுகளை வெட்டிக் காய்ச்சி, கெட்டிச் சாறாக்கி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். ஆறு ஆறு அட்டைகளாகத் தொகுதி தொகுதியாக, நூறு ஆண்டுகள் வரை வெளியிட்டார்கள். உலகத்து நாடுகள், தொழில்கள், விழாக்கள் என்று எதையும் விடவில்லை. ஜப்பானுக்கு மட்டுமே பல தொகுதிகள். சிக்கரி அட்டையைவிட இவற்றில் கவனம் அதிகம், பின்பக்கத்தில் விளக்கமும் உண்டு. படத்தின் ஒரு மூலையில் சாறு ஜாடி தவறாமல் உட்கார்ந்திருக்கும்.

மாட்டிறைச்சியை நூற்றாண்டுகளாக விலக்கி வைத்திருந்த நாடு ஜப்பான். பேரரசர் மெய்ஜி 1872இல் மாட்டிறைச்சி சாப்பிட்டதே பெரிய செய்தியானது. அந்த நாட்டின் தேநீர் வீடுகளையும் செர்ரிப் பூக்களையும் காட்டித்தான் இறைச்சிச் சாறு விற்றிருக்கிறார்கள்.

அதே 1872இல் டோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமாவுக்கு ரயில் ஓடியது. தோமியோகாவில் அரசாங்கப் பட்டாலை திறந்தது. பால் ப்ருனா என்ற பிரெஞ்சுக்காரர் மேற்பார்வை, பிரான்ஸிலிருந்து வந்த இயந்திரங்கள், நூல் இழுத்தவர்கள் இளம்பெண்கள். ஜப்பானியக் கச்சாப் பட்டு பிரான்ஸின் லியோன் தறிகளுக்கு வந்து சேர்ந்தது. பாரிஸ் சீமாட்டி உடுத்திய பட்டில் ஜப்பானியப் பெண்ணின் உழைப்பு நிஜமாகவே இருந்தது. ஆனால் மாலை வரை நான் புரட்டிய அட்டைகளில் ஆலையில் நிற்கும் பெண்ணைப் பார்க்க முடியவில்லை. குடை பிடிக்கிறாள், பூ பறிக்கிறாள், தேநீர் ஊற்றுகிறாள்.

வியாழன், ஆம்ஸ்டர்டாம்

கார் து நோர் நிலையத்திலிருந்து ரயிலில் மூன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். வான் கோ அருங்காட்சியகத்துக்கு முன்பதிவு கட்டாயம், இங்கு வருபவர்கள் மறக்க வேண்டாம்.

நான் பார்க்க வந்தது ஒரே ஒரு படத்தை. 1886 மே மாதம் 'பாரி இல்லுஸ்த்ரே' என்ற பத்திரிகை ஜப்பான் சிறப்பிதழ் போட்டது. பாரிஸில் குடியேறிய ஜப்பானிய வியாபாரி ஹயாஷி தடமாசாவே அதில் கட்டுரை எழுதினார். அட்டையில் கெய்சாய் எய்சென் வரைந்த கணிகை. ஆனால் அச்சாகும்போது படம் இடவலமாகத் திரும்பிவிட்டது. வான் கோ அந்த அட்டையை மெல்லிய தாளில் நகலெடுத்து, கட்டம் போட்டுப் பெரிதாக்கி, 1887இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். ஜப்பானில் ஒரு பக்கம் பார்த்தவள், பத்திரிகையில் மறுபக்கம் திரும்பியவள், ஓவியத்திலும் அப்படியே திரும்பி நிற்கிறாள். அந்தப் பத்திரிகை அட்டையும் வணிக அச்சுதான். ஒரு பத்திரிகையின் அச்சுப் பிசகு மாபெரும் ஓவியத்துக்குள் நிரந்தரமாகிவிட்டது.

ஆனால் நேரில் நிற்கும்போது பிசகு முன்னால் வரவில்லை. கிமோனோவின் பச்சையும் சிவப்பும் தடித்த வரிகளாக எழும்பி நிற்கின்றன. சுற்றிலும் மூங்கில், அல்லி, கொக்கு, தவளை. வேறு ஜப்பானிய அச்சுகளில் பார்த்ததையெல்லாம் சேர்த்து அவளுக்கு ஒரு குளத்தையே கட்டிக் கொடுத்திருக்கிறார். பிங்கின் கடையில் சுமார் 660 அச்சுகளை வாங்கிக் குவித்தவர் அவர். அதில் பெரும்பகுதி இன்று இந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே வருடம் ஹிரோஷிகேயின் 1857ஆம் ஆண்டு அச்சைப் பார்த்துத் தீட்டிய மழைப் பாலமும் உண்டு. அதன் சட்டத்தைச் சுற்றி ஜப்பானிய எழுத்துகளை வரைந்திருக்கிறார். படத்துக்குச் சம்பந்தமில்லாத வேறு அச்சுகளில் இருந்தவை அவை. அவருக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு கோட்டையும் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார். சிக்கரி அட்டைக்காரருக்கும் மொழி தெரியாது, இவருக்கும் தெரியாது. அந்த எழுத்தை யாரோ ஒருவர் படிப்பார் என்று இவர் நினைத்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று: ஹொக்குசாயின் அலையிலும் ஹிரோஷிகேயின் ஆற்றிலும் நாம் பார்க்கும் ஆழ்ந்த நீலம் ஐரோப்பாவிலிருந்து போனது. பெர்லினில் கண்டுபிடித்த செயற்கைச் சாயம், 1820களின் கடைசியில் ஜப்பானில் மலிவாகக் கிடைத்தது. இந்த நீலம் மறுபடி வருகிறது, லண்டனில்.

சனி, லண்டன்

(இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் கவனிக்க: பிரிட்டனுக்குத் தனி விசா.)

1885 ஜனவரியில் நைட்ஸ்பிரிட்ஜில் ஒரு 'ஜப்பானிய கிராமம்' திறந்தது. பெரிய மண்டபத்துக்குள் வீடுகள் கட்டி, ஏறத்தாழ நூறு ஜப்பானியர்களைக் குடிவைத்து, நுழைவுச்சீட்டு விற்றார்கள். பானை வனைவதையும் தேநீர் தருவதையும் லண்டன் வேடிக்கை பார்த்தது. மே மாதத் தீ விபத்தில் எரிந்து, பிறகு மறுபடி கட்டினார்கள். அதே வருடம் மார்ச்சில் சவாய் அரங்கில், ஜப்பானைக் களமாகக் கொண்ட 'மிகாடோ' என்ற நகைச்சுவை இசை நாடகம் தொடங்கி 672 முறை நடந்தது. உடைகளுக்கான துணி ரீஜென்ட் தெரு லிபர்ட்டி கடையிலிருந்து.

நாடகம் அமெரிக்காவுக்குப் போனதும் விளம்பர அட்டைகளுக்குப் புதையல் கிடைத்தது. விசிறியோடு மூன்று பெண்கள் நிற்கும் காட்சி தையல் நூலையும் இடுப்புக் கச்சையையும் விற்றது. இவை ஜப்பானியப் பெண்ணைப் பார்த்து வரைந்தவை அல்ல. ஜப்பானியப் பெண் வேடமிட்ட மேல்நாட்டு நடிகையைப் பார்த்து வரைந்தவை. அதே காலத்தில் அதே அமெரிக்காவில் 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர்களைத் தடைசெய்திருந்தது. 1886இல் ஒரு சலவைப் பொருள் விளம்பரம், சீனரை உதைத்து விரட்டும் படத்தோடு வந்தது. வேலைக்கு வந்தவனுக்கு உதை, வராதவளுக்கு விசிறி. 1907இல் ஜப்பானிய இளவரசர் ஃபுஷிமி லண்டனுக்கு வந்தபோது, அவர் மனம் புண்படக் கூடாதென்று அரசே 'மிகாடோ'வைச் சில வாரங்கள் தடைசெய்தது. ஜப்பான் அதற்குள் பிரிட்டனின் நட்பு நாடாகி, ரஷ்யாவையும் தோற்கடித்திருந்தது.

ஞாயிறு, லண்டன்

ப்ளூம்ஸ்பரியில் ஒரு ஹோட்டல் கூடத்தில் பழைய காகிதச் சந்தை. ஒரு வியாபாரியிடம் தேயிலைப் பெட்டி லேபிள்கள் இருந்தன. ஜப்பானியர்கள் 'ரான்ஜி' என்று சொல்லும் வகை. அமெரிக்காவுக்குப் போன பச்சைத் தேயிலைப் பெட்டிகளில் ஒட்டியவை. யோகோஹாமாவிலும் பிறகு ஷிஸுவோகாவிலும் மரக்கட்டையில் செதுக்கி அடித்தார்கள். பழைய மரக்கட்டை அச்சுத் தொழில் நொடித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் கைகளுக்குக் கிடைத்த வேலை.

ஒன்றைக் கையில் எடுத்தேன். மலை, பூ, விசிறி பிடித்த பெண். அமெரிக்க வீட்டுக்காரம்மா எதிர்பார்த்த ஜப்பானை ஜப்பானியரே வரைந்திருக்கிறார்கள். ஆனால் கிமோனோவின் மடிப்பு சரி, முடிச்சு பின்னால். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு எழுத்தின் வால் தூரிகை இழுத்த மாதிரி வளைகிறது, ஆனால் ஒன்றுகூடப் பிழையில்லை.

பெட்டிக்குள் இருந்த தேயிலைக்கு நிறம் கூட்ட யோகோஹாமா கிடங்குகளில் சேர்த்தது அதே பெர்லின் நீலம். 1911இல் சாயம் போட்ட தேயிலையை அமெரிக்கா தடுத்தது. அதற்கு முன்பிருந்தே சிலோன், இந்தியத் தேயிலைக்காரர்கள் சந்தையைப் பிடிக்க முட்டிக்கொண்டிருந்தார்கள். 1893 சிகாகோ கண்காட்சியில் சிலோன் தனி மண்டபம் கட்டித் தேநீர் கொடுத்தது.

அந்த வியாபாரியின் அடுத்த உறையில் இருந்தது சிலோன் தேயிலை விளம்பரம். தலையில் கூடை வைத்துச் சிரிக்கும் பெண், கழுத்து நிறைய நகை, பின்னால் பச்சை மலை. அவள் தமிழ்ப் பெண். என் பாட்டி இலங்கையில் ஹட்டன் பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கோத்தகிரிக்கு வந்தவர். கொழுந்துக் கூடையைத் தலையில் கயிறு போட்டு முதுகில் தொங்கவிடுவார்கள். இந்தப் பெண் அதைத் தண்ணீர்க் குடம் மாதிரி தலையில் வைத்திருக்கிறாள். மழைக்குக் கட்டும் சாக்கு இல்லை, அட்டைப்பூச்சி கடித்த கால் இல்லை, கங்காணி இல்லை. கிமோனோவின் மடிப்பைக் கவனிக்காத அதே அச்சுத்தொழில், எங்கள் கூடையின் கயிற்றையும் கவனிக்கவில்லை.

இரண்டு லேபிளையும் வாங்கினேன். ஜப்பானியக் கைகளுக்காவது தங்கள் பெண்ணைத் தாங்களே செதுக்க ஒரு மரக்கட்டை கிடைத்தது. தோட்டத்துப் பெண்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. மலையகத்திலோ நீலகிரியிலோ உங்கள் வீட்டுப் பரணில் பழைய தேயிலை லேபிளோ தகர டப்பாவோ இருந்தால், முன்னும் பின்னும் படமெடுத்து அனுப்புங்கள். அச்சகத்தின் பெயர் கீழ் விளிம்பில் மிகச் சிறியதாக இருக்கும், அது தெரிகிற மாதிரி எடுங்கள்.